சிறுநீரில் புரதம் போகிறது என்றால் என்ன?

லேபிலிருந்து சிறுநீர்ப் பரிசோதனை ரிப்போர்ட் வருகிறது. சர்க்கரை இல்லை, ரத்தம் இல்லை, கிருமி இல்லை. புரதம் என்ற வரிக்கு எதிரே மட்டும் ஒரு பிளஸ். உடம்பில் வலி கிடையாது, எரிச்சல் கிடையாது, சிறுநீர் எப்போதும்போலத்தான் போகிறது. இந்த ஒற்றைப் பிளஸைப் பார்த்துச் சிலர் டயாலிசிஸ் வரைக்கும் கற்பனை பண்ணித் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். வேறு சிலர் ‘ஒரு பிளஸ்தானே’ என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். இரண்டாவது ஆட்களை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. பயந்தவர் எப்படியும் மருத்துவரைப் போய்ப் பார்த்துவிடுவார். மடித்து வைத்தவருக்குச் சிறுநீரகம் அடுத்த எச்சரிக்கையைக் கொடுக்கப் பல வருடங்கள் ஆகலாம்.

சரி, இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

ஒவ்வொரு சிறுநீரகத்துக்குள்ளும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. மிக மெல்லிய ரத்தக்குழாய்களை நூல்கண்டுபோல் சுருட்டி ஒரு குட்டிக் கிண்ணத்துக்குள் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒன்று. அந்தச் சுருளுக்குக் குளோமெருலஸ் என்று பெயர். ரத்தம் அதற்குள் அழுத்தத்தோடு ஓடும்போது தண்ணீர், உப்புகள், யூரியா, சர்க்கரை போன்ற சின்னப் பொருள்கள் வடிந்து கிண்ணத்தில் இறங்கும். இப்படி ஒரு நாளைக்கு இறங்குவது சுமார் 180 லிட்டர். நாம் கழிப்பதோ ஒன்றரை, இரண்டு லிட்டர். மிச்சம் அத்தனையும் அடுத்துள்ள நீண்ட குழாய்களில் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் இந்த வடிகட்டியைத் தாண்டக் கூடாது. ரத்தத்தில் கரைந்திருக்கும் புரதங்களில் ஆல்புமின்தான் அதிகம். 100 மில்லிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம் வரை இருக்கும். கல்லீரல் இதைத் தயாரிக்கிறது. தண்ணீரை ரத்தக்குழாய்க்குள்ளேயே பிடித்து வைப்பது இதன் முக்கியமான வேலை. அது குறைந்தால் நீர் வெளியே கசிந்து காலிலும் முகத்திலும் தேங்கும்.

வடிகட்டிச் சுவருக்கு மூன்று அடுக்கு. உள்பக்கம் துளைகள் உள்ள ரத்தக்குழாய்ச் சுவர், நடுவில் ஒரு சவ்வு, வெளிப்பக்கம் கால்களை விரித்து உட்கார்ந்திருக்கும் செல்கள். இரண்டு கை விரல்களையும் கோத்துப் பாருங்கள். அந்தச் செல்களின் பாதங்கள் அப்படித்தான் பின்னியிருக்கும். இடையில் உள்ள இடுக்கு வழியாகத்தான் எதுவும் வெளியே வர முடியும். அதையும் மீறி வரும் கொஞ்சநஞ்சப் புரதத்தைக் குழாய்களின் செல்கள் விழுங்கிவிடும்.

இத்தனை காவலுக்குப் பிறகும் ஆரோக்கியமான ஒருவரின் சிறுநீரில் ஒரு நாளைக்கு 150 மில்லிகிராம் வரை புரதம் போகலாம். அதில் ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குள் இருக்கும். மீதியில் ஒரு பெரும் பகுதி ரத்தத்திலிருந்து வந்ததே அல்ல. சிறுநீரகக் குழாய்களே சுரக்கும் ஒரு புரதம் அது. ஆகவே ‘புரதம் துளிகூட இருக்கக் கூடாது’ என்பது தவறான கணக்கு. எவ்வளவு, எத்தனை நாளாக என்ற இரண்டு கேள்விகள்தான் முக்கியம். அதிலும் இரண்டாவது கேள்வியைத்தான் நிறையப் பேர் கேட்பதில்லை.

வந்து போகும் புரதம்

காய்ச்சல் அடிக்கும்போது புரதம் தெரியலாம். கடுமையாக ஓடினாலோ, பாரம் தூக்கிப் பயிற்சி செய்தாலோ அடுத்த ஓரிரு நாள் தெரியலாம். உடம்பில் நீர் வற்றியிருந்தால், கடும் குளிரில் இருந்தால், பெரிய மன அழுத்தத்தில் இருந்தால்கூடத் தெரியும். காரணம் விலகியதும் இதுவும் விலகிவிடும். மாதவிடாய் ரத்தம் கலந்தாலும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் ரிப்போர்ட் குழம்பும். அந்த நாட்களில் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். சரியானதும் மறுபடி எடுங்கள்.

வளரும் பிள்ளைகளிடம் ஒரு விசித்திரம் உண்டு. பதின்வயதுப் பிள்ளைக்குப் பகலில் எடுத்த சிறுநீரில் புரதம் இருக்கும், காலையில் எழுந்ததும் எடுத்தால் இருக்காது. நிற்கும்போது மட்டும் புரதம் கசிகிறது, படுத்தால் நின்றுவிடுகிறது. இது கெடுதல் இல்லாதது; வயது ஏற ஏறப் பெரும்பாலும் தானே போய்விடும். இதை உறுதிசெய்ய எளிய வழி இருக்கிறது. ராத்திரி படுக்கப் போகும்முன் சிறுநீர்ப்பையை முழுசாகக் காலி செய்துவிட்டு, காலையில் எழுந்தவுடன் நடமாடாமல் முதல் சிறுநீரைப் பிடித்துச் சோதிக்க வேண்டும். இந்த ஒரு காலைச் சோதனையைச் செய்யாமலே மாதக்கணக்கில் கவலைப்படும் பெற்றோர் இருக்கிறார்கள்.

நின்று தொடரும் புரதம்

மூன்று மாதம் கழித்தும் புரதம் இருக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைத் தேடித்தான் ஆக வேண்டும். பெரியவர்களிடம் முதலில் சந்தேகப்பட வேண்டியது சர்க்கரை நோய். ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் கூடியே இருந்தால் வடிகட்டிக்குள் அழுத்தம் ஏறுகிறது, நடுச் சவ்வு தடிக்கிறது, கோத்திருக்கும் பாதங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோகின்றன. ஆரம்பத்தில் ஒழுகும் ஆல்புமின் மிகச் சொற்பம், நாளைக்கு 30 முதல் 300 மில்லிகிராமுக்குள். சிறுநீரில் முக்கி நிறம் பார்க்கும் சாதாரண ஸ்ட்ரிப்பில் இது பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் டைப் 2 சர்க்கரை நோய் என்று தெரிந்த நாளிலிருந்தே வருடம் ஒருமுறையும், டைப் 1 என்றால் ஐந்து வருடம் கழித்து அதேபோல் வருடம் ஒருமுறையும், ஆல்புமினைத் தனியாக அளக்கும் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.

அடுத்தது உயர் ரத்த அழுத்தம். இது இரண்டு பக்கமும் வெட்டும். பி.பி. கூடினால் வடிகட்டி கெடும். வடிகட்டி கெட்டால் பி.பி. கூடும். எது முதலில் வந்தது என்று பல நேரம் மருத்துவராலும் சொல்ல முடியாது.

அப்புறம் வடிகட்டியையே நேராகத் தாக்கும் நோய்கள் இருக்கின்றன. உடம்பின் எதிர்ப்புச் சக்தி வழிதவறி குளோமெருலஸில் அழற்சி உண்டாக்குவது இதில் பெரிய வகை. ஐஜிஏ நெஃப்ரோபதி, லூபஸ் நோயில் வரும் சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் இந்தக் குடும்பம். சிறுநீர் பழுப்பு நிறமாகவோ சிவந்தோ போவதும் புரதமும் சேர்ந்து வந்தால் காத்திருக்கக் கூடாது. உடல் பருமன், இதயச் செயலிழப்பு, நெடுநாள் விழுங்கும் வலி மாத்திரைகள் ஆகியவையும் காரணப் பட்டியலில் உண்டு. வலி மாத்திரை விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மூட்டுவலிக்கு என்று தினமும் போட்டுக்கொள்வதை யாரும் ‘மருந்து சாப்பிடுகிறேன்’ என்று மருத்துவரிடம் சொல்வதே இல்லை. சொல்லுங்கள்.

சிறு பிள்ளைகளுக்கு வருவது வேறு கதை. காலையில் எழும்போது கண்ணிமை இரண்டும் உப்பியிருக்கும், மத்தியானத்துக்குள் வடிந்துவிடும். கண்ணில் ஏதோ ஒவ்வாமை என்று சொட்டுமருந்து விட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு வாரத்தில் காலும் வயிறும் வீங்கும். சிறுநீரைச் சோதித்தால் மூன்று பிளஸ், நான்கு பிளஸ். இது நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம். கோத்திருக்கும் பாதங்கள் தட்டையாகிப் போவதால் ஆல்புமின் கொட்டுகிறது. ஆறுதலான விஷயம், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் சில வாரங்களில் புரதம் நின்றுவிடும். மறுபடி மறுபடி வரக்கூடியது என்பதால் வீட்டிலேயே கண்காணிப்பது இந்தக் குழந்தைகளுக்குத்தான் மிக அதிகமாக உதவுகிறது.

கர்ப்பகாலத்தை இவை எல்லாவற்றிலிருந்தும் பிரித்துப் பார்க்க வேண்டும். 20 வாரத்துக்குப் பிறகு பி.பி. 140/90 அல்லது அதற்கு மேல் போய், சிறுநீரில் புரதமும் வந்தால் அது பிரிஎக்லாம்சியாவாக இருக்கலாம். தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. கடுமையான தலைவலி, கண்முன் மினுக்கல், விலா எலும்புக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். ஸ்ட்ரிப்பில் புரதம் இல்லை என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது, ஏனென்றால் புரதம் இல்லாமலும் இந்த நோய் வரும். பிரசவத்துக்குப் பிறகான சில வாரங்களிலும் வரும்.

கரண்டியும் மெழுகுவர்த்தியும்

சிறுநீரில் புரதத்தையும் சிறுநீரக நோயையும் தெளிவாக முடிச்சுப் போட்டுக் காட்டியவர் லண்டன் கைஸ் மருத்துவமனையில் இருந்த ரிச்சர்ட் பிரைட். 1827இல் வெளியிட்ட நூலில், உடல் வீங்கி இறந்த நோயாளிகளின் சிறுநீரகங்கள் கெட்டிருந்ததை விவரித்தார். அவர்கள் உயிரோடு இருந்தபோது அவர்களின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினால், முட்டை வெள்ளைக்கரு சட்டியில் திரள்வதுபோல் வெண்மையாகத் திரண்டிருந்தது. திரண்டது ஆல்புமின். ஒரு கரண்டியும் ஒரு சுடரும் போதுமாக இருந்தது, ஒரு முழு மருத்துவத் துறைக்கு வழி திறக்க.

இன்றைக்கு அந்தக் கரண்டியின் இடத்தில் ஸ்ட்ரிப் இருக்கிறது. அதன் நுனியில் உள்ள சின்னக் கட்டத்தில் ஒரு சாயம் அமிலத்தோடு சேர்த்து ஊறவைக்கப்பட்டிருக்கும். சும்மா இருக்கும்போது மஞ்சள். ஆல்புமின் பட்டால் பச்சை, அதிகம் பட்டால் நீலப்பச்சை. 100 மில்லிலிட்டரில் சுமார் 30 மில்லிகிராம் இருந்தால் ஒரு பிளஸ், 100 இருந்தால் இரண்டு, 300 இருந்தால் மூன்று. அதற்கும் கீழே, இருக்கிறதா இல்லையா என்ற இழுபறி நிறத்துக்கு டிரேஸ் என்று பெயர்.

ஸ்ட்ரிப் சொல்வது செறிவை மட்டுமே. மொத்தம் எவ்வளவு போகிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு பிளஸ் வந்தவர் நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் அரை லிட்டர்தான் கழித்தார் என்றால், மொத்தம் போனது 150 மில்லிகிராம். அதே ஒரு பிளஸ் வந்த இன்னொருவர் மூன்று லிட்டர் கழித்தார் என்றால் 900 மில்லிகிராம். நிறம் ஒன்று, நோய் வேறு. இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் லேபில் ஆல்புமினையும், தசைகளிலிருந்து வரும் கழிவான கிரியேட்டினினையும் சேர்த்து அளந்து விகிதம் போடுகிறார்கள். அதை ஏசிஆர் என்பார்கள். கிரியேட்டினின் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறுவதால், சிறுநீர் நீர்த்திருந்தாலும் கெட்டித்திருந்தாலும் விகிதம் அவ்வளவாக மாறாது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் ஆல்புமின் இருந்தால் சரி. 30 முதல் 300 வரை மிதமான கசிவு, 300க்கு மேல் கடுமையான கசிவு. வீட்டு ஸ்ட்ரிப்பில் பிளஸ் தெரிந்தால் அடுத்து கேட்க வேண்டிய பரிசோதனை இதுதான். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் போனால் அது நெஃப்ராட்டிக் அளவு.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ‘ரத்தத்தில் உப்பு பார்த்தோம், நார்மல்தான்’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. உப்பு என்று பேச்சில் சொல்வது யூரியா, கிரியேட்டினினை. ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுவதற்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும். சர்க்கரை நோயில் ஆல்புமின் கசிவோ பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். இரண்டும் வேறு வேறு பரிசோதனை, இரண்டுமே வேண்டும்.

வீட்டில் பார்ப்பது எப்படி

முதலில் நுரையைப் பற்றி. வேகமாகக் கழித்தால் நுரை வரும், கழிப்பறையில் சோப்புத் தண்ணீர் மிச்சமிருந்தாலும் வரும். சில நிமிடம் கழித்தும் அடங்காத நுரை, நாள் தவறாமல் வந்தால் அதைச் சோதியுங்கள். நுரையை வைத்தே முடிவு கட்ட வேண்டாம், அவ்வளவுதான்.

ஸ்ட்ரிப் வைத்துப் பார்ப்பவர்கள் காலையின் முதல் சிறுநீரைப் பிடியுங்கள். ராத்திரி முழுக்கச் சேர்ந்தது என்பதால் ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் தோது. முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான, உலர்ந்த பாத்திரத்தில் எடுங்கள். கட்டத்தை விரலால் தொடாமல் ஸ்ட்ரிப்பை முக்கி, உடனே எடுத்து, பாத்திர விளிம்பில் ஓரத்தை இழுத்து ஒட்டிய சொட்டை வடியுங்கள். பிறகு கிடையாகப் பிடிக்க வேண்டும். செங்குத்தாகப் பிடித்தால் பல கட்டங்கள் உள்ள ஸ்ட்ரிப்பில் ஒரு கட்டத்தின் சாயம் அடுத்ததில் இறங்கிவிடும். கடிகாரத்தைப் பாருங்கள். புரதக் கட்டத்துக்குப் பெரும்பாலும் 60 விநாடி, ஆனால் பாட்டிலில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. ஐந்து நிமிடம் கழித்து வந்து பார்த்து ‘பச்சையாகிவிட்டதே’ என்று பதறுவதில் பொருளில்லை, அந்த நிறம் செல்லாது. ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் மஞ்சளுக்கும் வெளிர்பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது.

ஸ்ட்ரிப்பை அதன் பாட்டிலிலேயே இறுக்கி மூடி வையுங்கள். குளியலறையின் ஈரமும் ஃபிரிட்ஜும் அதற்கு ஆகாது. மூடிக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கி எறியக் கூடாது. காலாவதி தேதி தாண்டிய ஸ்ட்ரிப் சொல்வதை நம்ப முடியாது. காரத்தன்மை அதிகமான சிறுநீர், பாத்திரத்தில் ஒட்டிய கிருமிநாசினி, ஸ்ட்ரிப்பை நெடுநேரம் ஊறவிடுவது, இவை எல்லாம் இல்லாத புரதத்தைக் காட்டும். நிறையத் தண்ணீர் குடித்து நீர்த்த சிறுநீர் இருக்கும் புரதத்தை மறைக்கும். மயலோமா என்ற ரத்தப் புற்றுநோயில் வெளியேறும் புரதம் ஆல்புமின் இல்லை என்பதால் ஸ்ட்ரிப் அதைக் கண்டுகொள்ளாது.

பார்த்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் இரண்டு வாரத்தில் கலங்கிவிடும். வரி இப்படி இருந்தால் போதும்: ‘செவ்வாய், காலை 6.30, முதல் சிறுநீர், ஒரு பிளஸ், எடை 61.4, பி.பி. 138/86, நேற்று ராத்திரி காய்ச்சல்.’ அந்தக் கடைசி இரண்டு மூன்று சொற்கள்தான் மருத்துவருக்குப் பாதி விடை. எடையையும் விட்டுவிடாதீர்கள். கால் வீங்குவது கண்ணுக்குத் தெரியும் முன்பே தராசில் தெரியும்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை பார்ப்பது? நோய்க்கு நோய் மாறும், மருத்துவர் சொல்வதுதான் கணக்கு. நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் தினமும் காலையில் பார்க்கச் சொல்வார்கள். தொடர்ந்து மூன்று நாள் மூன்று பிளஸ் அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம், உடனே அழைக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் இல்லை அல்லது டிரேஸ் என்று வந்தால் அடங்கிவிட்டது. சளி பிடித்த நேரத்தில் ஓரிரு நாள் ஒரு பிளஸ் வந்து மறைவது சகஜம்; அதற்காக நீங்களே ஸ்டீராய்டைக் கூட்டக் கூடாது, சளி விட்டதும் நீங்களே நிறுத்தவும் கூடாது. மாறாக, எந்த நோயும் இல்லாத ஒருவர் ஆர்வத்தில் தினமும் முக்கிப் பார்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். என்றோ ஒருநாள் வரும் டிரேஸ் மனநிம்மதியைத்தான் கெடுக்கும்.

புரதம் போகிறதே என்று உணவில் புரதத்தைக் கொட்டி ஈடுகட்ட நினைப்பது இயல்பு. அது பலிக்காது, சேதமான வடிகட்டிக்குச் சுமை கூடும். புரதத்தை அடியோடு நிறுத்துவதும் தவறு, தசை கரையும். எவ்வளவு என்பதை மருத்துவரோ உணவு ஆலோசகரோ சொல்லட்டும். உப்பைக் குறைப்பதுதான் நம் கையில் உள்ள பெரிய காரியம்: எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். கசிவைக் குறைக்கும் மாத்திரைகளும் உப்பு குறைவாக இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். ராமிப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் போன்றவை அந்த வகை. இவை பி.பி. மாத்திரைகள்தான், ஆனால் வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தனியாகக் குறைப்பதால் புரதக் கசிவுக்கும் கொடுக்கப்படுகின்றன. ‘பி.பி. நார்மலாகிவிட்டது’ என்று இவற்றை நிறுத்திவிடுகிறவர்கள் பலர்; எதற்காகக் கொடுத்தார்கள் என்று அவர்களுக்கு யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. கர்ப்பமாக இருந்தாலோ கருத்தரிக்கத் திட்டமிட்டாலோ இவற்றை எடுக்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். வாந்தி, பேதியால் உடம்பு வற்றிப்போன நாட்களிலும் தொடரலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டையும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், வலி மாத்திரை உட்பட, எடுத்துப் போங்கள். மூன்று கேள்விகளை நோட்டின் பின்பக்கம் எழுதி வையுங்கள்: என் ஏசிஆர் இப்போது எவ்வளவு, போன முறை எவ்வளவு? இது எதனால் என்று தெரிந்துவிட்டதா, இல்லை இன்னும் தேட வேண்டுமா? அடுத்த பரிசோதனை எந்த மாதம்? பதிலை அங்கேயே, அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள்.